ராக்கிக்குக் கட்டிய காப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், போய் வேலையைப் பாருங்கள் என்று எழுந்து போகிறவள் நான். சங்கரன்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்தால் ஒதுங்கி நின்று மணி பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னையே இதைச் சொல்ல வைத்துவிட்டது இந்த நாய். நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

ராக்கி என் வீட்டுக்காரர் வளர்த்த நாய். அவர் பூ மார்க்கெட்டில் மூட்டை கட்டுகிறவர், இடக்கைக்காரர், அவர் போடுகிற முடிச்சு தலைகீழாக விழும், நாயைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க முடியாமல் தினமும் அவரைத் திட்டுவேன். போன தை மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகும் சாயங்காலம் ஆறு மணிக்கு ராக்கி கேட்டில் போய் நிற்கும். சோறு வைத்தாலும் திரும்பாது. எலும்பும் தோலுமாகிவிட்டது. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும்தான் என்று பயந்துபோனேன்.

அதனால்தான் கோடையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தேன். சிவகிரிப் பக்கம் ஒரு வாரம், வாசுதேவநல்லூர்க் குளத்தங்கரை ஒரு வாரம். வெளியே போனால் இரண்டு வாய் தின்றது.

அன்றைக்கு மேலநீலிதநல்லூர் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பினேன். உச்சி வெயில். பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடு, நடுவில் சின்ன அம்மன் கோயில். கொடைத் திருவிழாவுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள், மாவிலை கட்டிய கம்பைச் சுற்றி ஒரே ஜனம். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிப்பதற்குள் ராக்கி கூட்டத்துக்குள் ஓடிவிட்டது. திரும்பி வரும்போது அதன் கழுத்தில் காப்பு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. பக்கத்தில் நின்ற அம்மாவிடம், “நாய்க்கு யாரு காப்பு கட்டுனது? வெளையாட்டா இருக்கா ஒங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அந்தா நிக்காவள்லா, அவியதான் கட்டுனாவ,” என்று கூட்டத்துக்குள் கையைக் காட்டினாள். “காப்பு கட்டியாச்சுன்னா கொடை முடியுத வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது தாயி. நாய இங்கன விட்டுட்டுப் போங்க.”

“அப்ப நானும் இங்கனயே கெடக்கணுமா?”

“ஒங்களுக்குக் கட்டலயே. நீங்க போலாம்.”

முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன், வரவில்லை. வண்டிச் சாவியால் அறுத்து அங்கேயே போட்டுவிட்டு நாயை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை. வழியெல்லாம் ராக்கி திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் படுத்தேன். காலையில் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, நாய் இல்லை. நேரே அங்கே ஓடினேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அதே வேப்பமரம், அடியில் என் ஸ்கூட்டி டயரின் தடம். ஆனால் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை, சுவருக்குள் ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேலம். கோயில் பூட்டு துருவேறிக் கிடந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடையைப் பற்றிக் கேட்டேன். “இங்கன ஏதும்மா கொடை? கெணறு வத்தி ஆளுக போயி ரொம்ப வருசமாச்சே,” என்றார். ராக்கி, ராக்கி என்று தொண்டை வற்றும்வரை கூப்பிட்டேன். அறுத்த கயிறும் அங்கே இல்லை. நடுக்காட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

எங்கள் பக்கம் கொடை செவ்வாய்க்கிழமைதான் வரும். அடுத்த வாரத்துச் செவ்வாய் கழிந்து புதன்கிழமை காலையில் கேட்டைத் திறக்கிறேன், ராக்கி நிற்கிறது. வயிறு நிறைந்திருந்தது, நெற்றியில் குங்குமம், கழுத்தில் புதுக் காப்பு. யாரோ பிடித்துப் போய் வைத்திருந்துவிட்டு விட்டிருப்பார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு காப்பை அவிழ்க்க உட்கார்ந்தேன். முடிச்சு தலைகீழாக இருந்தது. அதற்கு மேல் என் கை ஓடவில்லை.

அந்தக் காப்பு இன்னும் அதன் கழுத்தில்தான் இருக்கிறது. ராக்கி நன்றாகச் சாப்பிடுகிறது. ஆறு மணிக்குக் கேட்டுக்குப் போவதே இல்லை, படுத்து நிம்மதியாகத் தூங்குகிறது. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அந்த அம்மா கையைக் காட்டினாளே, அங்கே நின்ற ஆளை, இருந்த கோபத்தில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.