மாடி வீட்டு விருந்தாளிகள்

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஞானையாவின் வீட்டைப் பங்களா என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய அப்பா கட்டியது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மழையில், ஒழுகாத இடம் பார்த்துக் கட்டிலை நகர்த்தி நகர்த்தி அவர் மனைவி சாராள் டீச்சருக்குக் கை ஓய்ந்துபோயிற்று. பிள்ளைகள் கிடையாது. ஞானையாவுக்கு மறதி வியாதி வேறு. கடைசியில் அவள் ஒரு பில்டரைக் கூப்பிட்டு, வீட்டை நாலு ஃபிளாட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், கீழே முன்பக்கம் மட்டும் எங்களுக்கு என்று சொல்லிவிட்டாள்.

பழைய வீட்டைக் கண்டால் இடித்துத் தரைமட்டமாக்கும்வரை பில்டர்களுக்குத் தூக்கம் வராது. சாராள் இவனிடம் மல்லுக்கு நின்றாள். முகப்பைத் தொடக்கூடாது, சிவப்புத் தரையைப் பெயர்க்கக்கூடாது, முக்கியமாகத் தேக்குப் படிக்கட்டில் கை வைக்கக்கூடாது.

"வீடு மாறிட்டா அவர் தொலைஞ்சு போயிடுவாரு" என்றாள். நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். அந்தப் படிக்கட்டுதான் பிறகு தினம் தினம் அவள் உயிரை வாங்கியது.

ஞானையா ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். கடைசி வண்டியை விட்டுவிட்டு யாராவது பிளாட்பாரத்தில் திருதிருவென்று விழித்தால், கையோடு வீட்டுக்கு அழைத்துவந்து மாடியில் படுக்க வைப்பார். சாராளும் முணுமுணுத்துக்கொண்டே குழம்பைச் சூடு பண்ணுவாள். அப்படி வந்து போனவர்களில் பாதிப்பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

கட்டட வேலை முடியும்வரை சேலையூரில் வாடகைக்கு இருந்தார்கள். "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று தினமும் கேட்டு நச்சரித்த மனிதர், திரும்பி வந்த அன்று படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். சாராளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். மாடி ஃபிளாட்டை வாங்கிய ஜெயவேலுவும் அவன் மனைவி சரசுவும் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். அவன் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மறுநாள் காலை ஞானையா பேப்பரும் கையுமாக மாடியேறி, திறந்திருந்த கதவுக்குள் நேரே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரிசி களைந்துகொண்டிருந்த சரசு பதறி எழுந்தாள்.

"உட்காரும்மா. ராத்திரி நல்லா தூங்கினீங்களா? வசதியெல்லாம் சரியா இருக்கா?"

பெரியவர் அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து, "நல்லா கீது ஐயா" என்றாள் அவள்.

தினமும் இதே கதை. கீழே வந்தால் சாராளிடம் ரகசியம்: "மாடியில வந்தவங்க கிளம்பற மாதிரி தெரியல. பரவாயில்ல, நீ மூஞ்சியைக் காட்டாதே. ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு வெச்சுக் கொடு." அவளும் வைத்துக் கொடுத்தாள். என்ன செய்வாள், பாவம்.

ஒருநாள் ஜெயவேலு காலண்டர் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தான். "தம்பி, வந்த இடத்துல ஆணியெல்லாம் அடிக்கக் கூடாது" என்றார் ஞானையா. அவனுக்குச் சுருக்கென்றது. நேரே சாராளிடம் வந்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வாங்கின வூடு. எங்க அப்பன் பாட்டன் யாரும் சொந்த வூட்ல இருந்ததில்ல. என் வூட்லயே நான் விருந்தாளியா?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் சாராளுக்கு அதிகமாக வலித்தது. அன்றிலிருந்து வாசல் கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாராள், மாடியில இருக்கறவங்க காபி குடிச்சாங்களா?"

"குடிச்சாச்சு."

"யார் கொடுத்தா?"

இரண்டொரு நாளில் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டில் சோறு காயும். ஊருக்கே சோறு போட்ட மனுஷனைக் கைதி மாதிரி அடைத்துவிட்டோமே என்று சாராள் அடுப்படியில் நின்று அழுதாள்.

கறிவேப்பிலை கேட்டு வந்த சரசு, பூட்டையும் பார்த்தாள், டீச்சரின் கண்களையும் பார்த்தாள். மேலே போய்ப் புருஷனிடம் சொன்னாள்: "லீவுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறோமில்ல, அவராண்ட சொல்லிக்கினு போலாம். விருந்தாளிங்க கெளம்பிட்டாங்கன்னு மனசு ஆறிடும். அப்பால படியேற மாட்டாரு. பூட்டும் வேணாம்."

ஜெயவேலு அரைமனதாகச் சம்மதித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பைகளோடு இருவரும் வந்து கதவைத் தட்டினார்கள். சாராள் திறந்தாள்.

"ஐயா, நாங்க ஊருக்குக் கெளம்பறோம்" என்றான், மனப்பாடம் பண்ணிவந்தவன் போல. "இத்தினி நாளா நல்லா பாத்துக்கினீங்க."

ஞானையா எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி திடீர்னு? நாங்க ஏதாச்சும் குறை வெச்சுட்டோமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல ஐயா."

"அப்ப என்ன அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம். கூச்சப்படாதீங்க. இதை உங்க வீடுன்னு நெனச்சுக்கோங்க."

பத்திரத்தில் ஜெயவேலுவின் பெயர் இருந்தது. ஆனால் இந்த வார்த்தையை இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சாராள் காபி போட உள்ளே போனாள். அவர்கள் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவைப் பூட்டவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் மாடிக் கதவு விரியத் திறந்திருந்தது. ஞானையா பேப்பரோடு படியேறிப் போனார். அவரைக் கண்டதும் ஜெயவேலு எழுந்து நின்றான்.

"வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?"

"இப்பதான் ஐயா" என்றான் ஜெயவேலு. "ரெண்டு நாள் தங்கிட்டுப் போலாமான்னு."