எதிரில் நின்றவனைக் காட்டாத கருவி

முருகேசன் போன செய்தி கரன்ட்டோடு சேர்ந்து வந்தது. காலையில் ரங்கூனில் எங்கள் தாமுவே பேட்டைத் தெருவில் பிள்ளைகள் "மீ லாபி!" என்று கத்தினார்கள். கரன்ட் வந்துவிட்டதென்று அர்த்தம். மனைவி தண்ணீர் மோட்டாரைப் போட ஓடினாள். நான் செத்துக் கிடந்த கைபேசியைச் சார்ஜில் சொருகினேன். அது கண் விழித்ததும் ஜப்பானிலிருந்து செய்திகள் வரிசையாக விழுந்தன. முதலாவது, "பனி சரிஞ்சிருச்சு, முருகேசனைக் காணோம்" என்றது. கடைசியானது, "எடுத்துட்டாங்க" என்றது. நடுவில் இருந்தவற்றைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்களில் பலருக்கு அவனைத் தேர்த் திருவிழாவில் தெரியும். சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையோடு நிற்பானே, அவன்தான். பர்மியக் கூட்டாளிகளுக்கு அவன் கோ மின். எனக்கோ, ஜப்பானின் வடக்கே ஒரு பனிமலை ஊரில், ஓட்டல் சமையற்கட்டில் ஒன்றாகப் பாத்திரம் தேய்த்தவன்; ஒரே அறையில் குறட்டை விட்டவன். போய் இறங்கிய அன்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டாங்கப்பா நம்மள" என்றான்.

நம் ஊர்க்காரன் எங்கே போனாலும், எப்போது போகுமென்று தெரியாத ரங்கூன் கரன்ட்டைக் கூடவே கொண்டுபோவான். முருகேசன் கொஞ்சம் அதிகமாகவே கொண்டுபோனான். விடுதியில் அறை அறையாகப் போய் விளக்கை அணைப்பான். ஒருமுறை யாரோ வைத்திருந்த ரைஸ் குக்கரையும் அணைத்துவிட்டான். பாதி வெந்த சோற்றைத் தின்றுவிட்டு எல்லோரும் அவனைத் திட்டினார்கள். "சும்மா எரியிறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்கல" என்பான். கஞ்சன் என்று நான் கேலி செய்வேன். அவனும் சிரிப்பான்.

பனிச்சறுக்கு எங்களுக்குத் தலைமைச் சமையற்காரர் சொல்லிக்கொடுத்தது. கம்பிவட இருக்கையில் ஏறிப்போய்ச் சறுக்குவது விருந்தாளிகளுக்கு. அவர் எங்களை ஆள் போகாத மலைப்பக்கம் கூட்டிப்போனார். ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் முரட்டு மயிரும் உள்ள பட்டையைச் சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டால் பின்னால் வழுக்காமல் மேலே நடக்கலாம். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: பீக்கன். சமிக்ஞை அனுப்பி, பனியில் புதைந்தவன் இருக்குமிடத்தை மற்றவனுடைய பீக்கனுக்குக் காட்டும் சின்னக் கருவி அது. மார்பில் கட்டி வீட்டு வாசலிலேயே சுவிட்சைப் போட வேண்டும். வீடு திரும்பும்வரை அணைக்கக் கூடாது.

ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவர் மட்டும் பெரிய சிகரத்துக்குக் கிளம்பினோம். காற்றே இல்லை. மரங்கள் முடிந்து வெள்ளைச் சரிவு தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். எழுந்தபோது, ஏனோ தெரியவில்லை, என் பீக்கனை, ஆள் தேடும் நிலைக்கு மாற்றி அவன் பக்கம் நீட்டினேன். கைக்கெட்டும் தூரத்தில் முருகேசன் நிற்கிறான்; கருவியோ யாருமே இல்லை என்கிறது. இன்னும் கிட்டப் போனேன். அப்போதும் யாருமில்லை.

"என்னடா, அணைச்சியா?"

"உக்காந்து டீ குடிக்கிறதுக்கு எதுக்குப்பா பேட்டரி? ஏறும்போது போட்டுக்கலாம்னு இருந்தேன்."

"போட்டியா?"

"மறந்துட்டேன்" என்று சிரித்தபடி சட்டைக்குள் கையை விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அந்தச் சத்தம் அடங்கியதும் காலுக்கடியில் பனி 'தொம்' என்று ஒருமுறை உட்கார்ந்தது. பூட்டிய வீட்டுக்குள் மூட்டை விழுந்தது போன்ற சத்தம். இருவரும் அசையாமல் நின்றோம். பனி சரியக்கூடும், திரும்பிவிடலாம் என்றேன். "இவ்வளவு வந்தாச்சு, மேல போயி செல்விக்கு ஒரு படம் எடுத்து அனுப்பிட்டு வந்துடலாம்" என்றான். செல்வி அவன் மனைவி. போனோம், படம் எடுத்தோம், சறுக்கி இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது கொஞ்சம் ஆகியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. காலாவது உடைந்திருக்கலாம். அணைத்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் அந்த மலை அவனுக்குச் சொல்லி அனுப்பியது.

விசா முடிந்து நான் ஊர் வந்துவிட்டேன். அவன் இன்னொரு குளிர்காலம் தங்கினான். அதே சிகரத்துக்கு இம்முறை தலைமைச் சமையற்காரரோடு போயிருக்கிறான். மரங்கள் முடியும் இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்களாம். எழுந்து சரிவில் ஏறியதும் பனி சரிந்தது. அவர் ஓரமாக ஒதுங்கிப் பிழைத்தார். கருவியை நீட்டிக்கொண்டு அந்தச் சரிவு முழுக்க அலைந்திருக்கிறார். யாருமில்லை என்றது. ஆட்கள் வந்து கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து மறுநாள்தான் எடுத்தார்கள். இடுப்பளவு ஆழம்கூட இல்லை.

அவன் அஸ்தியோடு பொருள்களும் வந்தன. ரங்கூனிலேயே தாகேதா பேட்டையில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது செல்வி பீக்கனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"இது கெட்டுப் போயிருந்துச்சாண்ணே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு. அவன்தான் அணைச்சு வச்சிருந்தான்."

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இங்க கரன்ட் போயிருச்சுன்னு போன்ல சொன்னா, அவரும் அங்க லைட்டை அணைச்சிருவாருண்ணே. நீங்க இருட்டுல இருக்கீங்க, எனக்கு மட்டும் என்னாத்துக்குன்னு. இருட்டுலயே உக்காந்து பேசிட்டிருப்பாரு."

ஒரே அறையில் இருந்த எனக்கு இது தெரியாது. கஞ்சன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன்மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. நமக்காக இருட்டில் உட்கார்ந்தவன், தனக்கென்று அந்த ஒரு சின்ன விளக்கையாவது விட்டுவைத்திருக்கலாம். பீக்கனை செல்வியிடமே கொடுத்துவிட்டேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபத்தை மட்டும்தான்.