காயில் கட்டப் போன கம்ப்யூட்டர்

விதை நெல் வாசமும் சூடேறிய மானிட்டரின் தூசி வாசமும் கலந்து ஒரு வாசம் உண்டு. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். எத்தனை மழை பெய்தாலும் ஈரம் ஏறாத அறை வீட்டில் அது ஒன்றுதான். அதனால் அண்ணன் சிங்கப்பூர் போகும் முன் வாங்கி வைத்த கம்ப்யூட்டரும், அப்பாவின் விதை நெல் மூட்டைகளும் அங்கேயே குடியிருந்தன. மூட்டையிலிருந்து கிளம்பும் அந்துப்பூச்சி, வெளிச்சத்தைப் பார்த்து மானிட்டரில் வந்து உட்காரும். அம்மா அதை ஊதி விரட்டிவிட்டுச் சீட்டாட ஆரம்பிப்பாள்.

ஆமாங்க, சீட்டுதான்...

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. சின்ன மாமா சீட்டாடியே வாய்க்காலோரத்து நிலத்தை விட்டவர். அந்தச் சனியன் வாசப்படி ஏறக் கூடாது என்று சட்டம் போட்டதே அம்மாதான். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருந்த சீட்டு மட்டும் அந்தச் சட்டத்தில் வரவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"இதுல யாரு சொத்து போவுது? நானும் அதுவுந்தானே ஆடுறோம்."

மத்தியானம் எல்லாருக்கும் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவாள். கூடத்தில் அப்பா துண்டை விரித்துப் படுத்திருப்பார். மௌஸ் சத்தம் மட்டும் டிக்... டிக்... என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பின்னால் நின்று நான் வழி சொன்னால் அம்மாவுக்கு ஆகாது. "ஒனக்கு அவ்வளவு தெரிஞ்சா நீ தனியா ஆடு" என்பாள்.

ஒரு குறுவை சமயம். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கி, வீட்டில் ஃபேன் படுத்துப் படுத்து எழுந்திருக்கும். அப்படி ஒரு மத்தியானம் சிபியூவுக்குள் டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், மானிட்டர் கறுப்பு. இன்னும் நாலு சீட்டு இறக்கியிருந்தால் அம்மா ஜெயித்திருப்பாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்றைக்கும் உண்டு.

நான் காலேஜ் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த நேரம். டவுனிலிருந்து சர்வீஸ் கடைக்காரரை அழைத்து வந்து காட்டினேன்.

"போர்டே போயிருச்சும்மா. இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல. புதுசு வாங்கிக்குங்க."

அண்ணன் போனில், "தூக்கிப் போடுங்க. லேப்டாப் அனுப்புறேன்" என்றான். நானும் அவன் கட்சிதான். லேப்டாப் ஆசை எனக்கும் இருந்தது.

அப்பா மட்டும் எதிர்க்கட்சி. எங்கள் பக்கம் மோட்டார் எரிந்துபோனால் யாரும் புது மோட்டாருக்கு ஓட மாட்டார்கள். உள்ளே எரிந்த செப்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றி, அதாவது காயில் கட்டி, ஓட்டுவார்கள். எங்கள் போர் மோட்டாருக்கு எத்தனை தடவை கட்டியாயிற்று என்று அப்பாவுக்கே தெரியாது.

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. மத்தியானமானால் அணைந்த மானிட்டர் முன்னால் போய் உட்காருவாள். முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

"லேப்டாப் வந்தா அதுலயும் ஆடலாம்மா" என்று தேற்றினேன்.

"நீ வேலைக்குப் போறப்ப அத எடுத்துக்கிட்டுப் போயிருவ. நாள் பூரா ஒங்க எல்லாருக்காகவுந்தான் ஓடுறேன். அந்த ஒரு மணி நேரந்தான் எனக்குன்னு இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் சிபியூவைக் காணோம். அப்பா அதைச் சாக்கில் சுற்றி, மொபெட்டில் கட்டி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கே கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே நெல் தூசி, செத்த அந்துப்பூச்சி, போதாக்குறைக்கு முழுசு முழுசாக நெல் வேறு.

"மாமா, இதக் கட்ட முடியாது. தண்ணி தெளிச்சு விடுங்க, மொளைக்கும்."

ஊரே சிரித்தது. அப்பா அசரவில்லை. பட்டுக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த தேங்காய் மண்டியில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, பழையதை மூலையில் தள்ளியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சர்வீஸ் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டே இரண்டையும் பிரித்துப் போட்டு ஒன்றாக்கிக் கொடுத்தார். ரிப்பேரும் இல்லை, புதுசும் இல்லை. ஆனால் ஓடியது... சீட்டும் வந்தது.

"எதுக்குப்பா இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்டேன்.

"அந்த டிக்கு டிக்கு இல்லாம மத்தியானம் கண்ண மூட முடியல. அது கேட்டாத்தான் ஒங்கம்மா உள்ள இருக்கான்னு மனசு அடங்குது."

அம்மா காதில் விழாத மாதிரி மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே விதை நெல் மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றியவர் அப்பாதான்.

இப்போதெல்லாம் என் லேப்டாப் மக்கர் பண்ணினால் நான் யோசிப்பதே இல்லை. ஆர்டர் போட்டால் புதுசு வாசலுக்கு வந்துவிடுகிறது. பழையது எங்கே போனது என்றுகூட நினைவிருப்பதில்லை.

அம்மா கையிலும் இப்போது போன். அதே சீட்டுதான், ஆனால் விரலால் தொட்டால் சத்தமே வராது. அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கூடத்தில் படுத்தபடியே "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "இருக்கியா?"

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

"சீட்ட வெச்சா சத்தம் வர்ற மாதிரி பண்ணிக் குடு. ஒங்கப்பா தூங்க மாட்டேங்குறாரு."

செட்டிங்ஸில் போய்ச் சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டேன். டிக்... டிக்... கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குறட்டை கேட்டது.

அம்மா ஜெயித்துவிட்டாள். எழுந்திருப்பாள் என்று பார்த்தேன். கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஆட்டம் போட்டாள்.