பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரிஸ்க்

தொண்ணூறுகளின் நடுவில் நான் தாம்பரம் கிளையின் மேலாளர். கிளையின் டெபாசிட்டில் ஏறக்குறையப் பாதி ஒரே ஆளுடையது. செம்பாக்கம் ஏரிப் பக்கத்து நிலத்தை மனை போட்டு விற்றவர். தினமும் பத்து மணிக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்காருவார்.

"இன்னா சார், என் துட்டு எப்டி கீது?"

"சௌக்கியமா இருக்குண்ணா."

மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து போவார்.

அந்த வருடம் டெபாசிட் குறைந்தால் எனக்கு மாற்றல் என்று வட்டார அலுவலகம் சொல்லியிருந்தது. மகள் பிளஸ் டூ.

அந்த நேரத்தில் எங்கள் வங்கி எவ்வளவு பத்திரம் என்று ஆராய்ந்து தரக்குறியீடு தர இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். மூலதனம், வாராக்கடன், லாபம் எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்திலேயே பார்த்துவிட்டார்கள். மாதிரிக்கு ஒரு கிளை வேண்டுமாம். ஒருவர் மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்டார்.

"ஒரே டெபாசிட்டர்கிட்ட பாதிப் பணம் சார். நாளைக்கே அவர் எடுத்துட்டா?"

பெஞ்சுக்காரர் திரும்பினார். "நான் ஏன் எடுக்கணும்? பேங்குக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். சும்மா ஒரு டெஸ்ட்."

"டாக்டரு சும்மா டெஸ்ட் எழுதுவாரா?" என்று என்னிடம் வந்தார். "நீ சொல்லு சார். குடுத்த கடன்லாம் திரும்பி வருதா?"

"பெரும்பாலும் வருது" என்றேன். "எல்லாம்" என்று சொல்ல இருபது வருட சர்வீஸ் விடவில்லை.

"பெரும்பாலுமா? அப்போ என் துட்ட எடுத்துக் குடு சார்."

"முன்கூட்டி எடுத்தா வட்டி குறையும்ணா."

"குறையட்டும்."

படிவத்தை நானே பூர்த்தி செய்தேன், இரண்டு பிரதிகள். டைக்காரர் குறிப்பேட்டை மூடினார். "பாத்தீங்களா சார், கேள்வி கரெக்ட்தான்."

பணம் எதிர் வரிசையில் இருந்த வங்கிக்குப் போயிற்று. மறுநாள் பத்து மணிக்கு அவர் வழக்கம்போல எங்கள் பெஞ்சில். "அங்க ஃபேன் சரியில்ல சார்."

அடுத்த மாதம் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள், ஒரே கையெழுத்து. ஒன்று, தனி டெபாசிட்டரைச் சார்ந்திருக்கும் ஆபத்தை முற்றிலும் நீக்கியதற்குப் பாராட்டு. மற்றது, டெபாசிட் பாதியானதற்கு விளக்கம் கேட்டு, மாற்றல் எச்சரிக்கையுடன்.

இரண்டாவதற்கு விளக்கமாக முதலாவதன் நகலை இணைத்து அனுப்பினேன். இதற்கு என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கோப்பு வட்டார அலுவலகத்தில் மேசை மேசையாக ஏறி இறங்கியது. அது கடைசி மேசையை அடைவதற்குள் மகள் பட்டமே வாங்கிவிட்டாள்.