சொல்தா வீட்டுக் கனகு

ழானெத் அக்காவுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு ரெண்டே வார்த்தை. போன்ழூர், மெர்சி. இது பக்கத்து வீட்டுல மீன் வித்துப் பிழைக்கிற மாரிக்கண்ணு எனக்குத் தெரியும். காரைக்கால்ல வேற ஒருத்தருக்கும் தெரியாது. புருஷன் ரேமோன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. அவரு கண்ணை மூடினப்புறம் அக்காவுக்கு அங்கேருந்து பென்ஷன் வருது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கறவளுக்குப் பிரெஞ்சு தெரியாதுன்னா யாரு நம்புவா?

எண்பத்தி மூணுல மகன் ரெனே பாரீசுலேருந்து டிவி, டெக்கு, ஒரு பெட்டி வீடியோ கேசட்டு எல்லாம் கொண்டாந்து வச்சுட்டுப் போனான். கேசட்டு பூரா ஒரே பொம்மைக் குடும்பம். பூசணிக்கா மூக்குப் புருஷன், நெட்டைப் பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க, ஒரு நாய். வாரத்துக்கு ஒரு சண்டை. ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சதும் தெருவே அக்கா வீட்டுக் கூடத்துலதான். மொத நாளே, "என்ன பேசிக்கிறாங்க, சொல்லுங்களேன்"னு எங்க தெரு அஞ்சுகம் கேட்டுட்டா. அக்கா முகம் செத்துப்போச்சு. அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "இவன் பிச்சமுத்து, இவ கனகு. ரேஷன் கார்டைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறான் படுபாவி"ன்னு ஆரம்பிச்சா. பாரீசுல ஏது ரேஷன் கடைன்னு ஒரு பய கேக்கலை.

அன்னையிலேருந்து தெரு ஆம்பளைங்களுக்குக் கெட்ட காலம். "சோறு பானையில இருக்கு, கை உன்கிட்ட இருக்கு"ன்னு கனகு ஒரு ஞாயித்துக்கிழமை சொன்னா. மறுநாளே, கடலுக்குப் போய்ட்டு வந்த மருதையன்கிட்ட அவன் பொண்டாட்டி அஞ்சுகம் அதையே சொன்னா. அவன் வெறுந்தட்டோட வந்து, "அந்தக் கனகு வாயைக் கொஞ்சம் அடக்குங்க"ன்னு அக்காகிட்ட சண்டைக்கு நின்னான். திருநள்ளாறு பஸ்ஸுல ஒருத்தி கண்டக்டரைப் "போடா பிச்சமுத்து"ன்னு திட்டினதை என் காதால கேட்டேன்!

படத்துல மூணு பிள்ளைங்கதான். அக்காவே தானா ஒரு மூத்தவனைச் சேர்த்தா. வெளியூர்ல இருக்கானாம், வர்றேன் வர்றேன்னு சொல்றானாம். அவன் எப்ப வருவான்னு தெருவே காத்துக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு ரெனே லீவுல வர்றான்னதும் அக்காவுக்குச் சோறு இறங்கலை.

"அவன் வாயைத் திறந்தா என் மானம் கப்பலேறிடும் மாரி. டெக்கு ரிப்பேர்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. தெருவே தூக்கிட்டுப் போயி ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்துடும்"னேன்.

ஞாயித்துக்கிழமை ரெனே நடுக்கூடத்துல உக்காந்துட்டான். பொம்மைப் பொண்டாட்டி கரண்டியை ஆட்டிக்கிட்டுக் கத்தினா. அக்கா அர்த்தம் சொன்னா. "பெரியவன் பொங்கலுக்கு வர்றேன்னான், வரலையே. வாசலைப் பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப்போச்சுங்கறா."

"இல்லம்மா, குழாய் ரிப்பேர்காரனைத் திட்டறா. பெரியவன்னு யாருமே கிடையாதே"ன்னான் ரெனே.

மருதையன் விருட்டுன்னு எழுந்தான். "தம்பி, அம்மாவுக்குப் பிரெஞ்சு அரசாங்கமே பென்ஷன் குடுக்குது. உங்களுக்குக் குடுக்குதா?"

"அட விடுங்க, பாவம். அங்க போயி வேலை வேலைன்னு பாஷையே மறந்துபோச்சு"ன்னா அஞ்சுகம்.

ரெனே அம்மாவைப் பாத்தான். அக்கா தலையைத் தூக்கலை, முந்தானையைத் திருகிக்கிட்டே இருந்தா. அவன் எழுந்து டிவிகிட்டப் போனான். நிறுத்தப்போறான்னுதான் நினைச்சேன். சத்தத்தை மட்டும் சுத்தமாக் குறைச்சான்.

"அம்மா பேசறது கேக்கலை"ன்னுட்டு அவ காலடியில வந்து உக்காந்தான். "சொல்லும்மா. அந்தப் பெரியவன் வந்தானா?"

அக்கா மூக்கைச் சிந்திக்கிட்டா.

"வந்துட்டான் படுபாவி. வந்ததும் வராததுமா, பெத்தவ சொல்றது தப்புங்கறான்."