மங்கோலிய ராஜா என்ன ஆளுக?

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் வட்டாரத்தில் எந்த ராஜாவும் நிம்மதியாகச் செத்துக் கிடக்க முடியாது. ஏதாவது ஒரு சாதிக்காரர்கள் அவனைப் பிடித்து, மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பிளக்ஸ் போர்டில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே, போன வருடம் பதினொன்றாம் வகுப்பில் மங்கோலியப் பேரரசனின் படையெடுப்புகளை நடத்தியபோது முதல் பெஞ்சிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை, எரிச்சல்தான்.

“சார், அவரு என்ன ஆளுக?”

“குதிரை மேய்க்கிற ஆளுக. உக்காருலே.”

கேட்டவன் கையில் சாதிக்கயிறு. அறுத்துப் போட்டாலும் மறுநாள் புதிதாக முளைத்துவிடும். நகரங்கள் எரிந்த கதையைச் சொன்னேன். கயிறு கட்டிய கைகளெல்லாம் தட்டின. பணிந்து கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட ஊர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தான் என்றும் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். வயலுக்கு அந்தப் பக்கம், ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் தெருவிலிருந்து வருகிறவன். கல்லூரியிலும் வரலாறுதான் படிப்பேன் என்று சொல்லி என் வயிற்றில் பால் வார்த்த ஒரே பிள்ளை.

“தொறந்துவிட்டவங்கள அப்புறம் என்ன செய்வான் சார்?”

“இளவட்டங்கள அடுத்த ஊர்ச் சண்டைக்கு முன்வரிசையில நடத்திட்டுப் போவான். அம்பு மொதல்ல அவங்க மேலதான் விழும்.”

“அப்பம் தொறந்தாலும் சாவுதான்.”

முதல் பெஞ்சு மொத்தமாகத் திரும்பி அவனைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே, பஸ்ஸில் காலை மிதித்துவிட்டான் என்று ஒரு சாக்குச் சொல்லி, முதல் பெஞ்சுப் பையன்கள் அவன் வலது கையை முறித்துவிட்டார்கள்.

கொதித்துக்கொண்டுதான் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுடைய அப்பா, அந்தப் பையன்கள் வீட்டு வயல்களில்தான் வேலை செய்கிறார்.

“புகார் குடுங்க. வகுப்புல நடந்ததுக்கு நான் சாட்சி சொல்லுதேன்” என்றேன்.

“சமாதானம் பேசியாச்சு சார். கேசு கெடையாது. இவன் இனிமே பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது, அதான் பேச்சு. திருப்பூருக்கு அனுப்புதோம்.”

“இதுவா சமாதானம்? நல்லாப் படிக்கிற பிள்ளையை இப்படி அனுப்பலாமா?” கத்தியேவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அடுப்படியில் சீருடையோடு நின்ற மகளைக் காட்டினார்.

“இவ ஒம்பதாவது படிக்கா சார். இவள விட்டுருதோம்னு சொல்லியிருக்காவ.”