வினாத்தாள்களின் பின்பக்கம்

இரவிச்சந்திரன் அருமைநாதனை முதன்முதலாகக் கண்டது 2015 நவம்பர் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு. மொன்றியல் நகரின் கார்ட்டியர்வில்லில் ஒரு சலவைக் கடை. உலர்த்தும் இயந்திரம் நிற்க இன்னும் எவ்வளவு நேரம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த நேரம் மனதில் தங்கிவிட்டது. பக்கத்து வாங்கில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் அட்டையை வைத்துத் தமிழில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, கடிதமோ?"

"ஓம், சுல்தானுக்கு," என்றார் அவர் நிமிராமலே. "வெளியில கடன் வாங்காதையும் எண்டு எழுதுறன். நூற்றறுபது வருசம் பிந்திப் போச்சு."

அருமைநாதன் மன்னார்க் கத்தோலிக்கர். பேராதனையில் வரலாறு படித்த மூன்றாம் ஆண்டில் போர் அவரைக் கிளப்பியது. மொன்றியலில் ஒரு கல்லூரியின் வகுப்பறைகளைக் கூட்டித் துடைப்பதே இருபது வருட உத்தியோகம். வேலை முடிந்ததும் அதே கல்லூரி நூலகத்தில் அகராதியோடு உட்கார்ந்து பிரெஞ்சுப் புத்தகங்களைப் படிப்பார். மேற்குலகம் கப்பலோடும் சரக்கோடும் வந்து இறங்கியபோது ஒட்டோமன் பேரரசும் சீனப் பேரரசும் என்ன செய்தன என்பதைத் தமிழில் ஒரு நூலாக எழுதுவது அவருடைய ஆசை. மீந்துபோய் எறியக் கிடக்கும் வினாத்தாள்களின் வெற்றுப் பின்பக்கமே அவருடைய எழுதுதாள்.

அதன்பின் சனிக்கிழமைகளில் இருவரும் சலவைக் கடைக்கு அடுத்த கோப்பிக் கடையில் சந்தித்தார்கள்.

"ரெண்டு பேரரசும் நித்திரை கொண்டதெண்டு ஆர் ஐசே சொன்னது?" என்று அருமைநாதன் சண்டைக்கு நிற்பார். "இஸ்தான்புல்லில பழைய படையைக் கலைச்சுப் புதுப்படை கட்டினவங்கள். 1839இல எல்லாக் குடிகளும் சமம் எண்டு பிரகடனம் வாசிச்சவங்கள். சீனாக்காரன் பொடியளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினவன். ஃபூசோவில பிரெஞ்சு எஞ்சினியர்மாரை வைச்சுக் கப்பல்தளம் கட்டினவன். 1884இல பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து, அங்க நிண்ட கப்பல்களை ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சுவிட்டுது. கட்டிக் குடுத்தவன்தான் உடைச்சவன்!"

ஆனால் அவர் குரல் தாழ்ந்துபோவது கடன் அத்தியாயத்தில்தான். ஒட்டோமன் அரசு வாங்கிய கடனுக்காக, 1881 முதல் உப்பு, மீன், பட்டு வரிகளைக் கடன் கொடுத்தவர்களின் அலுவலகமே இஸ்தான்புல்லில் இருந்து வசூலித்தது. "கடன் குடுத்தவன் எப்பவும் பீரங்கியோட வாறதில்லை. வீட்டுக்குள்ள வந்து ஒரு கதிரையைப் போட்டு இருப்பான். பேந்து வீட்டுக்காரன் தன்ர வீட்டிலயே எழும்பி நிக்க வேணும்."

இரவிச்சந்திரன் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தவர். ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரைக் கணினியில் தட்டெழுதி வடிவமைப்பவரும் அவரே. நூலையும் தானே தட்டெழுதித் தருவதாக வாக்குக் கொடுத்தார். 2021 சித்திரையில் நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன.

"பிரதி எடுத்து வைக்கேல்லையோ அண்ணை?"

"நானூறு தாளோ? அந்தக் காசுக்குச் சுல்தான் இன்னொரு கப்பல் வாங்கியிருப்பான்."

இரவிச்சந்திரன் முதலில் முழுவதையும் வாசித்தார். ஒழுங்கு குலையாதிருக்க, வாசித்த ஒவ்வொரு தாளையும் கவிழ்த்து அடுக்கினார். பிறகு தட்டெழுத உட்கார்ந்து, பதினொரு பக்கத்தோடு எழும்பிவிட்டார். வேலை, புது வீடு, வங்கி என்று நாள் ஓடியது. பெட்டி கவிழ்த்த தாள்களோடு அலமாரிக்கடியில் கிடந்தது.

2022 யூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறும் அந்த நாளில், இரவிச்சந்திரன் குடும்பமும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகருக்கு மாறியது. அருமைநாதன் காலையிலேயே தேநீரும் றோல்ஸும் கொண்டு உதவிக்கு வந்தார். ஆனால் பாரமான சாமான் ஒன்றையும் தொடவில்லை.

"சுல்தானுக்குத் தூக்கிப் பழக்கமில்லைப்போல," என்று இரவிச்சந்திரன் பகிடி விட்டார். அருமைநாதன் சிரித்துவிட்டுத் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள்தான் பெட்டியைத் தேடினார் இரவிச்சந்திரன்.

"பழைய எக்ஸாம் பேப்பர் பெட்டியோ?" என்றாள் மகள் ஆர்த்திகா. "எல்லாம் பிரெஞ்சுக் கேள்விதானே அப்பா. மீள்சுழற்சித் தொட்டியில போட்டிட்டன். தேவையில்லாத கடுதாசி எல்லாம் எறி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அப்படிச் சொன்னது அவர்தான்.

அடுத்த சனிக்கிழமை, உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்துத்தான் கோப்பிக் கடைக்குள் நுழைந்தார். உட்கார்ந்ததும் வாய் வேறொன்றைச் சொன்னது. "மூண்டாம் அத்தியாயத்தில நிக்கிறன் அண்ணை."

அருமைநாதன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நல்லது. அவசரமில்லை," என்றார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மிடறு குடித்தார். கடையின் குளிரூட்டியில் கை குளிர்ந்துவிட்டது போலும் என்று இரவிச்சந்திரன் எண்ணினார்.

"முதலாம் அத்தியாயத்தில ஒரு இடம். சரியா எழுதினனானோ தெரியேல்லை. ஒருக்காக் கேளும்."

அன்று தொடங்கி, நூலை முதல் வரியிலிருந்து சொல்லிவந்தார். நிறுத்தி நிறுத்தி, ஆண்டுகளை இரண்டு தரம் சொல்லி. சொல்லத் தொடங்குமுன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து மேசை நடுவில் வைப்பார். இரவிச்சந்திரன் அதைத் தொட்டதேயில்லை. பேனையைத் தொட்டால் பெட்டி இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டரை வருடம் அப்படியே போனது. 2025 தையில் ஒரு சனிக்கிழமை, "அவ்வளவுதான், முடிஞ்சுது," என்று சொல்லி அருமைநாதன் பேனையை எடுத்துப் பைக்குள் செருகினார். மாசியில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மண்டபத்தில் சாப்பாடு. இரவிச்சந்திரன் அருமைநாதனின் மனைவி அல்போன்சம்மாவிடம் போய் நின்றார்.

"அக்கா, அந்தப் பெட்டி..."

"தெரியும் தம்பி. வீடு மாறின அண்டே இவர் கண்டவர். குப்பை லொறியில தொட்டியைக் கவிழ்க்கேக்க தன்ர எழுத்தைக் கண்டவராம். ஓடினவராம், லொறி மூலையால திரும்பீட்டுதாம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'நான் கேட்டால் அவன்ர வீட்டுக்குள்ள கதிரை போட்டு இருந்த மாதிரி. பேந்து இரவி என்ர முகத்தைப் பாரான். திரும்பச் சொல்லுறன், எழுதினால் எழுதட்டும்' எண்டவர்."

"தானே திரும்ப எழுதியிருக்கலாமே அக்கா?"

அல்போன்சம்மா அவரை வியப்போடு பார்த்தார். "அந்த வருசமே கை நடுங்கத் தொடங்கீட்டுது. கோப்பையை ரெண்டு கையாலும் பிடிக்கிறதை நீங்கள் காணேல்லையே?"

அன்று மாலை இரவிச்சந்திரன் கணினியைத் திறந்தார். பழைய பதினொரு பக்கங்களுக்குக் கீழே 1839 என்று அடித்தார். 1881 என்று அடித்தார். கப்பல்தளத்தைப் பற்றி நான்கு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இரண்டரை வருடமும், பெட்டி எங்கே என்று அருமைநாதன் கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே உட்கார்ந்திருந்தாரேயொழிய, அவர் சொன்னதை இரவிச்சந்திரன் செவிமடுக்கவில்லை.

அருமைநாதனோ அந்தக் கேள்வியைக் கடைசிவரை கேட்கவேயில்லை.